எட்டரை அடி நீள மரவட்டை நிஜமா? யானைமலைப் பாறையில் ஏன் அதன் தடயம் கிடைக்காது?

மதுரையில் ஐப்பசி மழை ரெண்டு நாள் சேர்ந்தாற்போல் பெய்தால் போதும். மாடிப்படிக்கு அடியில், பாத்ரூம் மூலையில், செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால் என எங்கிருந்தோ மரவட்டைகள் கிளம்பி வந்துவிடும். குச்சியால் லேசாகத் தொட்டால் சுருண்டுகொள்ளும். பிள்ளைகள் ‘ரயில் பூச்சி’ என்று வேடிக்கை பார்ப்பார்கள். பெரியவர்கள் விளக்குமாறைத் தேடுவார்கள்.

அதே மரவட்டை எட்டரை அடி நீளத்தில், 50 கிலோ எடையில் வந்தால்? அதாவது, இரண்டு 25 கிலோ அரிசி மூட்டைகளின் எடை. அகலம் மட்டும் 55 சென்டிமீட்டர். வீட்டு வாசல் கதவில் பாதிக்கு மேல் அடைத்துக்கொண்டு நிற்கும்.

இப்படி ஒரு உயிரினம் உண்மையிலேயே பூமியில் நடமாடியது. அதன் பெயர் ஆர்த்ரோப்ளூரா. ரீல்ஸிலும் யூடியூப் ஷார்ட்ஸிலும் மனிதனைத் துரத்துகிற மாதிரி காட்டப்படும் ‘ராட்சத மரவட்டை’ இதுதான். ‘ஆர்க்’ வீடியோ கேம் விளையாடியவர்களுக்கு, அமிலம் பீய்ச்சும் பூச்சியாக இது அறிமுகம். ஆனால் நிஜ ஆர்த்ரோப்ளூரா மனிதனைத் துரத்தியிருக்க வாய்ப்பே இல்லை. இது வாழ்ந்தபோது மனிதன் மட்டுமல்ல, டைனோசரே பிறக்கவில்லை.

சரி, எது உண்மை, எது கற்பனை? நம்ம ஊர்ப் பாறைகளில் தேடினால் கிடைக்குமா? அவ்வளவு பெரிய உயிர் அழிந்துபோக, விரல் நீள மரவட்டை மட்டும் எப்படி மதுரை வரை வந்து சேர்ந்தது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சுருக்கமாக 4 விஷயங்கள்

• ஆர்த்ரோப்ளூரா சுமார் 34 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து 29 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை வாழ்ந்தது. இதுவரை தெரிந்த கணுக்காலிகளில் மிகப் பெரியவற்றில் ஒன்று.

• மிகப் பெரிய புதைபடிவம் 2018-ல் இங்கிலாந்துக் கடற்கரையில் தற்செயலாகக் கிடைத்தது.

• அதன் தலை எப்படி இருந்தது என்பதே 2024-ல்தான் தெரியவந்தது.

• இந்தியாவில் இதன் தடயம் கிடைத்ததில்லை. அதற்குப் பாறைகளே காரணம் சொல்கின்றன.

பாறை விழுந்து உடைந்ததால் கிடைத்த புதையல்

2018 ஜனவரி. இங்கிலாந்தின் வடகிழக்கே நார்தம்பர்லேண்ட் பகுதியில் ஹோவிக் என்ற சிறிய கடற்கரை. அங்கே செங்குத்தான பாறைச்சரிவிலிருந்து பெரிய மணற்கல் ஒன்று சரிந்து கீழே விழுந்து இரண்டாகப் பிளந்து கிடந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் முன்னாள் ஆய்வு மாணவர் ஒருவர் அந்த வழியாக நடந்துபோனவர், பிளந்த பரப்பில் வரிவரியாக ஏதோ தெரிவதைக் கவனித்தார். வளையம் வளையமாக அடுக்கிய உடம்பின் ஒரு துண்டு. நீளம் சுமார் 75 சென்டிமீட்டர்.

கல் வேறு மாதிரி விழுந்திருந்தாலோ, பிளவு ஓரடி தள்ளி ஓடியிருந்தாலோ அது வெளியே தெரிந்தே இருக்காது. உரிய அனுமதி வாங்கி, அந்த ஆண்டு மே மாதம் வெட்டியெடுத்தார்கள். சரிவின் மேலே தூக்கிக்கொண்டு போக 4 பேர் தேவைப்பட்டது.

நீல் டேவிஸ் தலைமையிலான குழு இதை ஆராய்ந்து 2021 டிசம்பரில் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டது. படிவத்தின் வயது சுமார் 32.6 கோடி ஆண்டுகள். இந்த எண் மனசில் நிற்காது என்பதால் நம்ம ஊர்க் கணக்கில் சொல்லலாம். கீழடியின் வயதை 2,600 ஆண்டுகள் என்று வைத்துக்கொண்டால், அதைப் போல ஒன்னேகால் லட்சம் மடங்கு பழசு.

கிடைத்தது உடம்பே அல்ல, ‘சட்டை’

இங்கே ஒரு முக்கியமான விஷயம். ஹோவிக்கில் கிடைத்தது செத்துப்போன ஆர்த்ரோப்ளூராவின் உடல் அல்ல. அது உரித்துப்போட்ட மேலோடு என்பதே ஆய்வாளர்களின் முடிவு. பாம்பு சட்டை உரிப்பதுபோல மரவட்டை, நண்டு, தேள் எல்லாமே வளர வளர மேலோட்டைக் கழற்றிப் போடும். அப்படிக் கழற்றிய ஓட்டின் ஒரு பகுதி ஆற்றுக்கால் மணலில் சிக்கி, உள்ளே மணல் நிரம்பி, அப்படியே கல்லாகிவிட்டது.

‘75 சென்டிமீட்டர் துண்டை வைத்து எட்டரை அடி என்று எப்படிச் சொல்கிறார்கள்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஜெர்மனி போன்ற இடங்களில் ஏற்கனவே சிறிய, ஆனால் இதைவிட முழுமையான படிவங்கள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் உடம்பின் அகலத்துக்கும் நீளத்துக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிட்டு, ஹோவிக் துண்டின் 55 சென்டிமீட்டர் அகலத்தோடு பொருத்திப் பார்த்தார்கள். வந்த விடை ஏறத்தாழ 1.9 மீட்டரிலிருந்து 2.6 மீட்டர் வரை. ரீல்ஸில் வருவது இதன் உச்ச அளவு மட்டும். குறைந்தபட்சம் என்று எடுத்தாலும் ஒரு ஸ்கூட்டர் நீளம் வந்துவிடுகிறது.

உடம்பு கிடைக்காத இடங்களில் காலடித் தடம் கிடைத்திருக்கிறது. ஸ்காட்லாந்தின் ஆரன் தீவிலும் கனடாவின் நோவா ஸ்கோஷாவிலும் ஈர மணலில் இது நடந்துபோன தடங்கள் கல்லில் பதிந்து நிற்கின்றன. மாட்டு வண்டிச் சக்கரத் தடம்போல இரண்டு இணை வரிசைகள், ஒவ்வொரு வரிசையிலும் நெருக்கமாகக் குத்துக்குத்தாகக் கால் பட்ட அடையாளம்.

170 ஆண்டுகள் தலை இல்லாமல் இருந்த பூச்சி

ஆர்த்ரோப்ளூரா என்ற பெயர் 1854-லேயே வைக்கப்பட்டது. ஜெர்மனியின் நிலக்கரிப் பகுதியில் கிடைத்த துண்டுகளை வைத்து சூட்டிய பெயர். அதற்குப் பிறகு எத்தனையோ துண்டுகள் கிடைத்தன. கால், முதுகு ஓடு, வளையம் எல்லாம் வந்தது. தலை மட்டும் முழுசாகக் கிடைக்கவே இல்லை.

தலை ஏன் அவ்வளவு முக்கியம்? வாய் எப்படி இருக்கிறது என்று தெரிந்தால்தான் என்ன சாப்பிட்டது என்று சொல்ல முடியும். கண்ணும் உணர்கொம்பும் தெரிந்தால்தான் எந்த உறவுக்காரர் என்று சொல்ல முடியும். தலை இல்லாத வரை, ‘இது மரவட்டை வகையா, பூரான் வகையா, இரண்டுக்கும் பொதுவான வேறொன்றா’ என்ற சண்டை ஓயவே இல்லை.

விடை வந்தது 2024 அக்டோபரில். பிரான்ஸின் மோன்சோ-லே-மீன் என்ற பழைய நிலக்கரிச் சுரங்க ஊரில் பல ஆண்டுகளுக்கு முன்பே சேகரித்து வைத்திருந்த கல் உருண்டைகளுக்குள் இரண்டு ஆர்த்ரோப்ளூரா குட்டிகள் இருந்தன. 4 சென்டிமீட்டர் நீளம்கூட தாண்டாத குட்டிகள். லியோன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிக்கேல் லெரித்தியே தலைமையிலான குழு, கல்லை உடைக்காமலேயே சிடி ஸ்கேன் முறையில் உள்ளே பார்த்து, தலையை முப்பரிமாணத்தில் கட்டியெழுப்பியது. மருத்துவமனையில் மூளையை ஸ்கேன் எடுக்கிற அதே தத்துவம்தான். கருவி மட்டும் பல மடங்கு நுட்பமானது.

வெளிவந்த முகம் எல்லோரையும் குழப்பியது. 7 கணுக்கள் கொண்ட உணர்கொம்பு மரவட்டையை நினைவூட்டியது. தலைக்குள் பொதிந்திருந்த தாடையோ பூரான் சாயல். கண்கள் இரண்டும் நண்டுக்கு இருப்பதுபோல் காம்பின் நுனியில் நின்றன! இன்றைய மரவட்டைக்கும் பூரானுக்கும் அப்படிக் கண் கிடையாது. பொதுவாக நீரில் வாழும் கணுக்காலிகளுக்குத்தான் காம்புக் கண் இருக்கும். அதனால் குட்டிப் பருவத்தில் இது தண்ணீரில் வாழ்ந்திருக்குமோ என்ற கேள்வி புதிதாகக் கிளம்பியிருக்கிறது. வளர்ந்த ஆர்த்ரோப்ளூராவின் தலை கிடைக்கும்வரை அந்தக் கேள்வி முடியாது.

மரவட்டையா, பூரானா?

வீட்டில் எதைப் பார்த்தாலும் ‘பூரான் பூரான்’ என்று அலறுகிறவர்களுக்கும் இந்த வித்தியாசம் பயன்படும். பூரானுக்கு உடம்பின் ஒவ்வொரு கணுவிலும் ஒரு ஜோடி கால். முன்பக்கம் விஷக் கொடுக்கு உண்டு, வேட்டையாடும், கடிக்கும். மரவட்டைக்குப் பெரும்பாலான வளையங்களில் இரண்டு ஜோடி கால்கள். விஷக் கொடுக்கு கிடையாது. உதிர்ந்த இலையும் மக்கிய மரமும்தான் சாப்பாடு.

ஆர்த்ரோப்ளூராவுக்கும் வளையத்துக்கு இரண்டு ஜோடி கால்கள் இருந்தது குட்டிகளின் ஸ்கேனில் உறுதியானது. எனவே உடம்பு மரவட்டைக் குடும்பம், தலையில் மட்டும் பூரானோடு பகிர்ந்துகொண்ட சில பழைய அடையாளங்கள். இரண்டு குடும்பங்களும் ஒரே மூதாதையிலிருந்து பிரிந்தவை என்பதை மரபணு ஆய்வுகள் ஏற்கனவே சொல்லிவந்தன. கல்லிலிருந்து அதற்கு ஒரு சாட்சி கிடைத்திருக்கிறது.

சரி, அது என்ன சாப்பிட்டது? விஷக் கொடுக்கோ, இரையைப் பிடிப்பதற்கென்றே அமைந்த கால்களோ இல்லை. நம்ம ஊர் மரவட்டை மாதிரி மக்கிய தாவரங்களைத் தின்றிருக்கவே வாய்ப்பு அதிகம் என்கிறது பிரெஞ்சுக் குழு. ஹோவிக் குழுவோ, அந்த உடம்புக்கு வெறும் சருகு போதாது. சத்தான விதைகளையும், கிடைத்தால் சிறு உயிரினங்களையும்கூடச் சாப்பிட்டிருக்கலாம் என்று கணித்தது. ஆக, மனிதனைத் துரத்தும் கொலைகாரப் பூச்சி என்பதற்கு இதுவரை ஆதாரம் இல்லை.

‘ஆக்சிஜன் அதிகம் இருந்ததால் பெருசாச்சு’ என்பது சரியா?

பள்ளிப் பாடத்திலும் டாக்குமென்டரிகளிலும் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் விளக்கம் இது. பூச்சி, மரவட்டை போன்றவற்றுக்கு நம்மைப்போல் நுரையீரல் இல்லை. உடம்பின் பக்கவாட்டில் உள்ள சிறு துளைகள் வழியாகக் காற்று உள்ளே போய், நுண்குழாய்கள் மூலம் நேரடியாக உறுப்புகளைச் சென்று சேர்கிறது. உடம்பு பெருத்தால் காற்று உள்ளே போய்ச் சேர்வது கடினம். கார்போனிஃபெரஸ் காலத்தின் முடிவில், அதாவது சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, காற்றில் ஆக்சிஜன் 30 சதவீதத்தைத் தாண்டியது என்று பல கணிப்புகள் சொல்கின்றன. இன்று 21 சதவீதம். எனவே அதிக ஆக்சிஜன், பெரிய பூச்சி. கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது.

ஹோவிக் படிவம் இங்கேதான் குறுக்கே வந்து நிற்கிறது. அது 32.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. ஆக்சிஜன் உச்சத்துக்குப் போனது அதற்குப் பிறகு. ஹோவிக் காலத்தில் அளவு சுமார் 23 சதவீதம்தான் என்று கணிக்கிறார்கள். இன்றைய அளவைவிடக் கொஞ்சம்தான் கூட. அப்படியிருந்தும் எட்டரை அடி வரை வளர்ந்திருக்கிறது என்றால், ஆக்சிஜன் மட்டும் காரணமாக இருக்க முடியாது.

வேறென்ன? அப்போது நிலத்தில் பெரிய முதுகெலும்பு விலங்குகள் குறைவு. போட்டியும் இல்லை, எதிரியும் அதிகம் இல்லை. காடுகள் புதிதாகப் பரவிக்கொண்டிருந்தன. தரை முழுக்கத் தாவரக் குப்பை, விதை என்று தீராத சாப்பாடு. பந்தி காலியாக இருந்தது, இலை நிறையச் சோறு இருந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு பழைய நம்பிக்கையையும் ஹோவிக் மாற்றியது. இது இருண்ட சதுப்புக்காட்டில் வாழ்ந்தது என்றுதான் ஓவியங்களில் வரைவார்கள். ஹோவிக் பாறை காட்டுவதோ கடலோரத்துக்குப் பக்கத்தில், ஆற்றுக் கால்வாய்கள் ஓடும் திறந்தவெளிக் காட்டை. நிலநடுக்கோட்டுக்கு அருகில், வெப்பமான சூழல். ஆமாம், இன்று குளிரில் நடுங்கும் இங்கிலாந்து அப்போது நிலநடுக்கோட்டுப் பக்கம் இருந்தது.

யானைமலையில் தேடினால் கிடைக்குமா?

இங்கிலாந்து நிலநடுக்கோட்டில் இருந்தது என்றால், மதுரை எங்கே இருந்தது? இந்தக் கேள்விக்கான விடையில்தான் நம்ம ஊர்க் கதை இருக்கிறது.

முதல் காரணம், பாறையின் வகை. புதைபடிவம் உருவாக மணல், சேறு போன்றவை அடுக்கடுக்காகப் படிந்து கல்லாக வேண்டும். ஹோவிக் மணற்கல் அப்படிப்பட்ட படிவுப்பாறை. மதுரையைச் சுற்றி நாம் பார்க்கிற யானைமலை, திருப்பரங்குன்றம், நாகமலை, அழகர்மலை, மேலூர்ப் பக்கத்துக் குன்றுகள் எல்லாம் வேறு ரகம். பூமியின் ஆழத்தில் கடும் அழுத்தத்திலும் வெப்பத்திலும் வெந்து உருமாறிய நைஸ், சார்னோகைட், கிரானைட் வகைகள். நிலவியலாளர்கள் பாலக்காடு–காவிரிப் பகுதிக்கும் அச்சன்கோவில் பகுதிக்கும் இடையிலான இந்தப் பெரும்பரப்பை ‘மதுரை பிளாக்’ என்றே அழைக்கிறார்கள். நம்ம ஊர்ப் பெயர் உலக நிலவியல் ஆய்வேடுகளில் அடிக்கடி வருவது இதனால்தான்.

இந்தப் பாறைகள் கடைசியாகப் பெரிய அளவில் வெந்து உருமாறியது சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. வத்தலக்குண்டு அருகே கெங்குவார்பட்டிப் பக்கத்துப் பாறைகளில் 900 டிகிரி செல்சியஸைத் தொட்ட வெப்பத்தின் அடையாளங்களை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அந்தச் சூட்டில் எந்த உயிரின் தடயமும் தப்பாது. எழுதின காகிதத்தை அடுப்பில் போட்ட கதைதான். அதைவிடப் பெரிய விஷயம், 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு நிலத்தில் நடமாடும் விலங்கே கிடையாது. மரவட்டைக் குடும்பத்தின் மிகப் பழைய படிவங்களே 42 கோடி ஆண்டுகளைச் சுற்றித்தான் வருகின்றன. ஆக, யானைமலையின் கல் முதல் மரவட்டைக்கே மூத்தது. பாறையில் தடயம் இல்லாததற்குக் காரணம், அது பதிய வேண்டிய உயிர் அப்போது பிறக்கவே இல்லை என்பதுதான். இன்னொரு பக்கம், வைகைக் கரை வண்டல் மண் மிக மிக இளையது. ஒன்று ரொம்பப் பழசு, இன்னொன்று ரொம்பப் புதுசு. நடுவில் ஆர்த்ரோப்ளூரா காலத்துப் பக்கம் கிழிந்த புத்தகம் நம்முடையது.

இரண்டாவது காரணம், இடம். அப்போது இந்தியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, அண்டார்டிகா எல்லாம் ஒட்டியிருந்த கோண்டுவானா என்ற பெருங்கண்டத்தின் பகுதி. தென் துருவத்துக்கு அருகில். சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்தியாவின் பெரும்பகுதியில் பனிப்பாறைகள் நகர்ந்தன. நம்பக் கஷ்டமாக இருந்தால் ஒடிசாவின் தால்சேர் பகுதிக்குப் போகலாம். பனிப்பாறைகள் இழுத்துவந்து போட்ட உருண்டைக் கற்கள் அங்கே இன்றும் இருக்கின்றன. 1856-லேயே பிளான்ஃபோர்ட் சகோதரர்கள் அதைப் பனியின் வேலை என்று எழுதினார்கள்.

ஆர்த்ரோப்ளூரா வெப்பப் பகுதி உயிர். இதுவரை கிடைத்த படிவங்களும் தடங்களும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும்தான். அதாவது அன்றைய நிலநடுக்கோட்டுப் பட்டையில். அது வெயில் காய்ந்த காலத்தில், மதுரை இருந்த நிலம் குளிர் மண்டலத்தில் கிடந்தது. இன்று நிலைமை தலைகீழ்.

‘அப்போ தமிழ்நாட்டில் புதைபடிவமே இல்லையா?’ தாராளமாக இருக்கிறது, ஆனால் எல்லாம் வேறு காலம். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறது. அரியலூர்ப் பக்கம் டைனோசர் காலத்துக் கடல் உயிரினங்களின் படிவங்கள் ஏராளம். விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் கல்மரப் பூங்காவே உண்டு. மதுரைக்குப் பக்கத்தில் என்றால் சிவகங்கை வட்டாரத்தில் டைனோசர் காலத்துப் படிவுப்பாறைத் திட்டுகள் இருக்கின்றன. ஆனால் அவையெல்லாமே ஆர்த்ரோப்ளூரா அழிந்து பல கோடி ஆண்டுகள் கழிந்து உருவானவை.

ராஜா போனார், கூலிக்காரர் தப்பினார்

சுமார் 4.5 கோடி ஆண்டுகள் பூமியில் இருந்தது ஆர்த்ரோப்ளூரா. மனித இனத்தின் வயது 3 லட்சம் ஆண்டுகள் என்று வைத்தால், நம்மைப்போல் 150 மடங்கு காலம் தாக்குப்பிடித்த உயிர். பெர்மியன் காலத்தின் தொடக்கத்தில் தடயங்கள் நின்றுவிடுகின்றன. ஏன்? இரண்டு காரணங்கள் பேசப்படுகின்றன. ஒன்று, நிலநடுக்கோட்டுப் பகுதி காய்ந்தது. ஈரக் காடுகள் துண்டு துண்டாகச் சுருங்கின. இரண்டு, ஊர்வன பெருகி அதே இடத்துக்கும் அதே சாப்பாட்டுக்கும் போட்டிக்கு வந்தன. எது முதல் அடி என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. ஆனால் ஈரம் போனது என்பது பாறைகளில் பதிவாகியிருக்கிறது.

மரவட்டைக் குடும்பத்துக்கு ஈரம்தான் உயிர். பூச்சிகளின் மேல்தோலில் இருப்பதுபோல் தண்ணீரைத் தக்கவைக்கும் மெழுகுப் பூச்சு பெரும்பாலான மரவட்டைகளுக்குக் கிடையாது. வெயிலில் கிடந்தால் சீக்கிரம் காய்ந்துவிடும். விரல் நீளம் உள்ளது சருகுக்கு அடியிலோ கல்லிடுக்கிலோ நுழைந்து, அடுத்த மழை வரை மண்ணுக்குள் பதுங்கிவிடும். எட்டரை அடி உடம்பு எங்கே போய் ஒளியும்?

சின்ன உறவுகள் பதுங்கின, தப்பின. 25 கோடி ஆண்டுகளுக்கு முன்பு உலகின் பெரும்பாலான உயிரினங்களைக் காலி செய்த பேரழிவையும், 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு டைனோசர்களை முடித்த விண்கல்லையும் தாண்டி வந்துவிட்டன. இன்று உலகில் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகைகள் பெயரிடப்பட்டுள்ளன. மிகப் பெரிய ஆப்பிரிக்க மரவட்டையே ஒரு அடி ஸ்கேலைக் கொஞ்சம்தான் தாண்டும். தமிழ்நாட்டில் ஓலைக் கூரைகளிலேயே குடியிருக்கும் சீனோபோலஸ் கார்னிஃபெக்ஸ் என்ற வகை இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் தொட்டால் கோலிக்குண்டு மாதிரி உருண்டுவிடும் வகையும் உண்டு.

கால் கணக்கையும் சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் இதன் பெயருக்கே ஆயிரங்கால் என்றுதான் பொருள். ஆனால் பெரும்பாலான மரவட்டைக்குச் சில நூறு கால்கள்கூட இருக்காது. நம்ம மீனாட்சி அம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண்கள்தான் இருப்பது மாதிரி. 2021-ல்தான் பெயருக்கு நியாயம் செய்த ஒன்று கிடைத்தது. ஆஸ்திரேலியாவில் கனிமத் தேடலுக்காகத் தோண்டிய துளையில், 60 மீட்டர் ஆழத்தில், 1,306 கால்கள் கொண்ட நூல் போன்ற மரவட்டை. எட்டரை அடி ராட்சதனின் ஆய்வுக் கட்டுரை வெளியான அதே டிசம்பர் மாதம் இதுவும் வெளியானது.

சருகுக்குத் தீ வைத்தால் என்ன போகிறது?

மரவட்டையின் வேலை எளிமையானது. உதிர்ந்த இலையைக் கடித்து, தின்று, சிறுசிறு உருண்டைகளாக வெளியேற்றும். அந்த உருண்டைகளில் பூஞ்சையும் பாக்டீரியாவும் சுலபமாகப் பெருகி, இலையில் இருந்த சத்தை மண்ணுக்குத் திருப்பித் தருகின்றன. காசு கொடுத்து வாங்கும் கம்போஸ்ட் உரத்தின் முதல் கட்ட வேலையை இது சம்பளம் வாங்காமல் செய்கிறது.

அதன் சாப்பாடும் வீடும் ஒன்றேதான்: சருகு. தெருவோர வேப்ப மரத்தடியில் கூட்டிக் குவித்து ஒரு தீக்குச்சி கிழித்தால் இரண்டும் சேர்ந்து போகும். திறந்தவெளியில் குப்பை எரிப்பதைத் திடக்கழிவு மேலாண்மை விதிகளும் தடை செய்கின்றன. ஆனாலும் காலையில் புகை இல்லாத தெரு குறைவு.

குன்றுகள் விஷயம் இன்னும் நுணுக்கமானது. மரவட்டையால் பறக்க முடியாது, அதிக தூரம் நடக்கவும் முடியாது. அதனால் உலகம் முழுக்கவே ஒரு மலையில் மட்டும், ஒரு பள்ளத்தாக்கில் மட்டும் வாழும் வகைகள் இந்தக் குடும்பத்தில் அதிகம். மதுரைச் சமவெளியில் தனித்தனியாக நிற்கும் குன்றுகள் இப்படிப்பட்ட உயிர்களுக்குத் தீவு மாதிரி. சுற்றிலும் வயலும் ரோடும். நடுவில் நிழலும் ஈரமும் உள்ள கல்லிடுக்குகள்.

மேலூர் அருகே அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியில் 193.42 ஹெக்டேரை 2022 நவம்பரில் தமிழக அரசு மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. 2024-ல் அந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்டதும், மக்கள் போராட்டத்துக்குப் பிறகு 2025 ஜனவரியில் மத்திய அரசு அதை ரத்து செய்ததும் எல்லோருக்கும் தெரியும். அரிட்டாபட்டி என்றால் ராஜாளி, தேவாங்கு, எறும்புத்தின்னி என்று பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் அந்தக் குன்றின் சருகுக்கு அடியில் இருப்பவர்களின் குடும்பம் அங்கே பறக்கும் எந்தப் பறவைக் குடும்பத்தையும்விடப் பல மடங்கு பழசு. குன்றை உடைத்தால் பறவை வேறு மலை தேடிப் பறக்கலாம். மரவட்டை எங்கே போகும்?

வீட்டுக்குள் வந்தால் என்ன செய்வது?

• நசுக்காதீர்கள். மரவட்டை கடிக்காது. பயந்தால் பக்கவாட்டிலிருந்து ஒரு திரவம் விடும். அது தோலில் பட்டால் எரிச்சலும் பழுப்புக் கறையும் வரலாம். நசுக்கினால் அந்தத் திரவம் மொத்தமும் வெளியே வரும்.

• கையில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். அதே கையால் கண்ணைத் தேய்க்கக் கூடாது. கண்ணில் பட்டுவிட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, மருத்துவரைப் பார்க்கவும்.

• குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளவும்.

• உப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் வேண்டாம். ஒரு அட்டையில் அள்ளி, செடித்தொட்டிப் பக்கமோ மரத்தடியிலோ விட்டால் போதும்.

• அடிக்கடி வருகிறது என்றால் வீட்டில் எங்கோ ஈரம் தங்குகிறது என்று அர்த்தம். கதவிடுக்கை அடைத்து, குழாய்க் கசிவைச் சரிசெய்தாலே வருகை குறையும்.

அடுத்த ராட்சதன் எங்கே?

ஸ்காட்லாந்தில் பஸ் டிரைவராக வேலை பார்த்த மைக் நியூமேன், புதைபடிவம் தேடுவதைப் பொழுதுபோக்காக வைத்திருந்தவர். ஸ்டோன்ஹேவன் கடற்கரையில் அவர் கண்டெடுத்தது ஒரே ஒரு சென்டிமீட்டர் மரவட்டைத் துண்டு. அதில் மூச்சுத்துளைகள் இருந்தன. காற்றைச் சுவாசித்த மிகப் பழைய நில விலங்குகளில் ஒன்று அது என்று 2004-ல் அறிவிக்கப்பட்டது. பெயரிலும் அவரையே சேர்த்தார்கள்: நியூமோடெஸ்மஸ் நியூமேனி. எட்டரை அடி ராட்சதனும் கடற்கரையில் நடந்துபோன ஒருவர் கண்ணில் பட்டதால்தான் உலகத்துக்குத் தெரிந்தது.

மதுரைக் குன்றுகளில் ஆர்த்ரோப்ளூரா கிடைக்காது. பாறையின் வயதே அதற்குச் சாட்சி. ஆனால் அங்கே தேட வேண்டியது கல்லுக்குள் அல்ல, கல்லுக்கு அடியில். அழகர்மலை ஏறும்போதோ அரிட்டாபட்டிக்குப் போகும்போதோ மரவட்டையைப் பார்த்தால் மிதிக்காமல் ஒரு போட்டோ எடுங்கள். நிறம், நீளம், எந்த இடம், எந்தத் தேதி என்று குறித்துவையுங்கள். ஊரில் என்னென்ன வகை இருக்கிறது என்ற கணக்கு எங்கேயும் இப்படித்தான் தொடங்குகிறது. அந்தக் கணக்கு இல்லாமல் ஒன்று காணாமல் போனால், போனதே நமக்குத் தெரியாது.